டிரைவர் கோடில் ஸ்பார்ஸ் காட்டும் பாயிண்டர் வார்னிங்: காஸ்ட் போட்டு அடக்கலாமா?

நித்யா_ஓசூர்

எல்லோருக்கும் வணக்கம். சொந்த ஊர் பர்கூர், ஓசூர் சிப்காட்டில் ஒரு சின்ன கம்பெனியில் எம்பெடட் வேலை. மேல்நிலைத் தொட்டியில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது, குழாயில் எவ்வளவு ஓடுகிறது என்று பதிவு செய்யும் போர்டு ஒன்று செய்கிறோம். ஆர்ம்64 சிப், பக்கத்தில் ஒரு எஃப்பிஜிஏ (உள் சர்க்யூட்டை நாமே அமைத்துக்கொள்ளும் சிப்). ஃப்ளோ மீட்டர்கள் மாட்பஸ் என்ற தொடர்பு முறையில் பேசும், எஃப்பிஜிஏ அந்த ஃப்ரேமை வாங்கித் தன் ரேமில் அப்படியே வைக்கும், எங்கள் லினக்ஸ் டிரைவர் அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். டிரைவரை வெளியே ஒருவரிடம் எழுதி வாங்கினார்கள். இப்போது அதைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.

கெர்னலை மேக் செய்யும்போது சி=2 என்று கொடுத்து ஸ்பார்ஸ் (சோர்ஸைப் படித்து டைப் தவறுகளைக் காட்டும் கருவி) ஓட்டினேன். திரை முழுக்க வார்னிங். 'இன்கரெக்ட் டைப் இன் ஆர்கியுமெண்ட் 1, டிஃபரண்ட் அட்ரஸ் ஸ்பேசஸ்' என்பதுதான் அதிகம். அப்புறம் 'காஸ்ட் ரிமூவ்ஸ் அட்ரஸ் ஸ்பேஸ் ஐஓமெம்', 'காஸ்ட் டு ரெஸ்ட்ரிக்டட் பிஇ16', அங்கங்கே 'யூசிங் பிளெயின் இன்டீஜர் அஸ் நல் பாயிண்டர்'. ஜிசிசி கம்பைலர் இதில் ஒன்றைக்கூடச் சொல்வதில்லை. காஸ்ட், அதாவது டைப்பைக் கட்டாயமாக மாற்றி எழுதுவது, அதுதான் லீட் சொல்லும் வழி: "ஜிசிசிக்குப் பிரச்சினை இல்லை, போர்டும் ஓடுகிறது, ஒரு காஸ்ட் போட்டு வார்னிங்கை எடுத்துவிடு, ஆடிட்டுக்கு பூஜ்ஜியம் காட்டினால் போதும்."

எனக்கு அதில் மனசு ஒப்பவில்லை, காரணம் இருக்கிறது. போன மாதம் டூல்செயினை ஜிசிசி 9-இல் இருந்து புது பதிப்புக்கு மாற்றினோம். அன்றிலிருந்து டிரைவர் லோடு ஆகும்போதே கெர்னல் ஊப்ஸ் (கெர்னலுக்குள் நடந்த பிழையின் அறிக்கை) அடிக்கிறது, அலைன்மெண்ட் ஃபால்ட் என்கிறது, ஸ்டாக் டிரேஸில் மேலே நிற்பது மெம்செட் (மெமரியை ஒரே மதிப்பால் நிரப்பும் ஃபங்ஷன்). ஆனால் டிரைவரின் ப்ரோப் ஃபங்ஷனில் மெம்செட் என்ற சொல்லே இல்லை! எஃப்பிஜிஏ ரேமைச் சுத்தம் செய்ய ஒரு ஃபார் லூப்தான் இருக்கிறது, யு32 பாயிண்டரை நகர்த்திக்கொண்டே பூஜ்ஜியம் எழுதும். அந்த லூப்புக்கு மேல் வரியில்தான் ஐஓரீமேப் (டிவைஸின் இடத்தைத் தொட கெர்னலுக்கு ஒரு பாயிண்டர் தரும் ஃபங்ஷன்) கொடுத்ததை வாய்ட் ஸ்டாராகக் காஸ்ட் செய்திருக்கிறார்கள், ஸ்பார்ஸ் வார்னிங்கும் சரியாக அதே வரியில். இரண்டுக்கும் தொடர்பு உண்டா? இந்த வார்னிங்குகளை எந்த வரிசையில், எப்படிச் சரிசெய்வது? தெரிந்தவர்கள் விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

ரகு_காவேரிப்பட்டினம்

நித்யா, காஸ்ட் வேண்டாம்மா. தொடர்பு உண்டு, நேரடித் தொடர்பு. உங்கள் ஊப்ஸைத்தான் அந்த வார்னிங் முன்கூட்டியே சொல்லிக்கொண்டிருந்தது.

முதலில் லூப் கதை. பாயிண்டர் சாதாரண யு32 ஸ்டார், வாலட்டைல் கிடையாது. ஜிசிசி அதைப் பார்த்து "இது வெறும் மெமரி, பூஜ்ஜியத்தால் நிரப்புகிறார்கள், இதற்கு மெம்செட்டையே கூப்பிடலாம்" என்று லூப்பை மாற்றிவிடும். இந்த மாற்றம் முன்பு கம்பைலரின் ஓ3 ஆப்டிமைசேஷன் நிலையில்தான் நடக்கும், ஜிசிசி 10 முதல் ஓ2-விலேயே நடக்கிறது, கெர்னல் வழக்கமாகக் கட்டப்படுவது ஓ2-இல். அதனால்தான் 9 வரை ஓடியது. சரி, மெம்செட் கூப்பிட்டால் என்ன கெட்டுப்போகிறது என்றால், ஆர்ம்64 கெர்னலின் மெம்செட் பெரிய இடத்தைப் பூஜ்ஜியமாக்க 'டிசி ஜெட்விஏ' என்ற கட்டளையைப் பயன்படுத்தும், ஒரே அடியில் ஒரு முழு பிளாக்கை அழிக்கும் கட்டளை. அதைச் சாதாரண ரேமில் செய்யலாம். ஐஓரீமேப் தருவது டிவைஸ் மெமரி. அங்கே அதை ஓட்டினால் அலைன்மெண்ட் ஃபால்ட் வரும் என்று ஆர்ம் விதியிலேயே இருக்கிறது. நீங்கள் பார்த்தது அதேதான்.

இதற்கு மெம்செட்_ஐஓ இருக்கிறது. எஃப்பிஜிஏ ரேமில் இருந்து ஃப்ரேமை எடுக்க மெம்காப்பி_ஃப்ரம்ஐஓ, எழுத மெம்காப்பி_டுஐஓ, தனி ரெஜிஸ்டருக்கு ரீட்எல், ரைட்எல். இவை எல்லாம் கேட்பது 'ஐஓமெம்' முத்திரை உள்ள பாயிண்டரை. முத்திரையைக் காஸ்டில் கிழித்துவிட்டால் சாதாரண மெம்செட்டுக்கும் லூப்புக்கும் அது தாராளமாகப் போய்விடும், தடுக்க யாரும் இல்லை.

ஜிசிசி ஏன் பேசவில்லை என்றால் அதன் கண்ணுக்கு ஐஓமெம், யூசர், ஆர்சியு எல்லாமே வெறும் வெற்றிடம். கெர்னல் ஹெட்டரில் அவற்றை அப்படித்தான் வரையறுத்திருக்கிறார்கள், ஸ்பார்ஸ் ஓடும்போது மட்டும் அவற்றுக்கு 'இந்த அட்ரஸ் ஸ்பேஸைச் சேர்ந்தது, நேரடியாகத் தொடக்கூடாது' என்ற பொருள் வரும். லினஸ் டோர்வால்ட்ஸ் 2003-இல் ஸ்பார்ஸை எழுத ஆரம்பித்ததே யூசர் பாயிண்டரும் கெர்னல் பாயிண்டரும் கலந்துபோவதைப் பிடிக்கத்தான். 'காந்தி நகர், 14ஆம் நம்பர்' என்று தர்மபுரியிலும் இருக்கும், ஓசூரிலும் இருக்கும். ஊர் பெயரை அடித்துவிட்டு வெறும் கதவு எண்ணோடு கடிதம் போட்டால் எங்கேயாவது ஒரு வீட்டுக்குப் போய்ச் சேரத்தான் செய்யும். பாயிண்டரும் வெறும் எண், எந்த உலகத்து எண் என்பதை டைப் மட்டும்தான் சுமக்கிறது.

இப்போது எப்படிச் சரிசெய்வது. வார்னிங் வந்த வரியில் கை வைக்காதீர்கள், அந்தப் பாயிண்டர் பிறந்த இடத்துக்குப் போங்கள். உங்கள் டிரைவரில் அது ஐஓரீமேப். அது தரும் மதிப்பை வைத்துக்கொள்ளும் ஸ்ட்ரக்டில் 'பேஸ்' என்ற உறுப்பு வாய்ட் ஸ்டார் என்றுதான் இருக்கும். அதை 'வாய்ட் ஐஓமெம் ஸ்டார்' என்று மாற்றிவிட்டு, ப்ரோப்பில் உள்ள காஸ்டை எடுத்துவிடுங்கள். மறுபடி ஸ்பார்ஸ் ஓட்டினால் வார்னிங் கூடும். பயப்பட வேண்டாம், கூடத்தான் வேண்டும். பேஸை நேரடியாகத் தொடுகிற எல்லா இடமும் இப்போது வெளியே வரும், 'டிரெஃபரன்ஸ் ஆஃப் நோடெரெஃப் எக்ஸ்ப்ரெஷன்' என்று. ஒவ்வொன்றாக ரீட்எல், ரைட்எல் ஆக்குங்கள். பேஸை வாங்கும் உள் ஃபங்ஷன்களின் ஆர்கியுமெண்டிலும் முத்திரையைச் சேருங்கள். வார்னிங்கின் கீழே இரண்டு வரி இருக்கும், 'எக்ஸ்பெக்டட்' என்பது ஃபங்ஷன் கேட்பது, 'காட்' என்பது நீங்கள் கொடுத்தது. முத்திரை எந்த வரியில் இல்லையோ அந்தப் பக்கம்தான் தேட வேண்டிய பக்கம்.

"வாலட்டைல் போட்டு நேரடியாகப் படித்தால் போதாதா" என்று உங்கள் லீட் கேட்கக்கூடும். போதாது. வாலட்டைல் கம்பைலரை மட்டும்தான் கட்டுப்படுத்தும். ஆர்ம்64-இல் ரீட்எல் படித்த பிறகு ஒரு பேரியரும் (சிப் வரிசை மாற்றிப் படிக்காமல் தடுக்கும் கட்டளை) போடுகிறது. ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரில் 'டேட்டா தயார்' பிட்டைப் பார்த்துவிட்டு, டிவைஸ் நேராக மெமரியில் எழுதும் டிஎம்ஏ பஃபரைப் படிக்கிறீர்கள் என்றால், அந்தப் பேரியர் இல்லாமல் சிப் பஃபரை முன்னாடியே படித்துவிடலாம், பழைய டேட்டா கைக்கு வரும். எப்போதாவது ஒரு முறை தவறான ரீடிங் வருகிறது என்று ஃபீல்டில் இருந்து புகார் வந்தால் ஆபீசில் உட்கார்ந்து அதைத் திரும்ப வரவைக்கவே முடியாது.

செல்வி_பாலக்கோடு

ரகு அண்ணா சொன்னதில் எனக்கு முழுச் சம்மதம், இருந்தாலும் ஒன்று சேர்க்க வேண்டும். காஸ்டே கூடாது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள் நித்யா. 'ஃபோர்ஸ்' என்ற முத்திரையோடு போடும் காஸ்ட் கெர்னலிலேயே பல இடங்களில் இருக்கிறது, நியாயமாகவே இருக்கிறது. "எனக்குத் தெரிந்துதான் உலகம் மாற்றுகிறேன்" என்று ஸ்பார்ஸுக்கு எழுதிக் கொடுப்பது அது. ஆனால் அதற்கு இடம் இரண்டு உலகமும் சந்திக்கும் அடித்தளக் கோடு, டிரைவர் அல்ல. உதாரணம், ஐஓமெம் பாயிண்டர் திருப்பித் தரும் ஃபங்ஷனில் இருந்து பிழையைத் திருப்ப வேண்டும், ஈஆர்ஆர்_பிடிஆர் தருவது வெறும் வாய்ட் ஸ்டார். அங்கே நீங்களாக ஃபோர்ஸ் போட வேண்டாம், ஐஓமெம்_ஈஆர்ஆர்_பிடிஆர் என்று ஏற்கெனவே மேக்ரோ இருக்கிறது, உள்ளே பார்த்தால் ஒரே ஒரு ஃபோர்ஸ் காஸ்ட். நமக்காக ஒரு இடத்தில் யோசித்து எழுதி வைத்திருக்கிறார்கள்.

இன்னொன்று, உங்கள் எஃப்பிஜிஏ ரேம் உண்மையிலேயே சாதாரண மெமரி போலவே நடக்கும், படித்தால் எழுதினால் வேறு எந்த விளைவும் இல்லை என்று உறுதியாக இருந்தால், ஐஓரீமேப்புக்குப் பதில் மெம்ரீமேப் பார்க்கலாம். 4.3 கெர்னலில் வந்தது. அது தருவது சாதாரண வாய்ட் ஸ்டார், ஐஓமெம் கிடையாது, ஏனென்றால் அதைக் கேட்பவர் "இது மெமரி" என்று உறுதி சொல்லிக் கேட்கிறார். ரெஜிஸ்டருக்கு அதைப் பயன்படுத்தக்கூடாது. எஃப்பிஜிஏ எழுதியவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் மாற்றாதீர்கள், ஃப்ரேமைப் படித்ததும் கவுண்டர் குறைகிற மாதிரி டிசைன் செய்திருந்தால் கதை கந்தலாகிவிடும்.

அடுத்து அந்த 'ரெஸ்ட்ரிக்டட் பிஇ16'. இதுவும் பாயிண்டர் வார்னிங்கின் தங்கைதான், ஆனால் இங்கே கேள்வி இடம் பற்றியது இல்லை, பைட் வரிசை பற்றியது. மாட்பஸ் ஆர்டியுவில் 16 பிட் ரெஜிஸ்டர் மதிப்பு பெரிய பைட் முதலில் வரும். ஆனால் ஃப்ரேமின் கடைசியில் உள்ள சிஆர்சி (பிழை பிடிக்கும் சோதனை எண்) சின்ன பைட் முதலில் வரும். ஒரே ஃப்ரேம், இரண்டு வரிசை! உங்கள் ஸ்ட்ரக்டில் எல்லாவற்றையும் யு16 என்று எழுதிவிட்டு அங்கங்கே என்டிஓஎச்எஸ் (பைட் வரிசையை மாற்றித் தருவது) போட்டிருப்பார்கள், அதனால்தான் வார்னிங். மதிப்புகளை பிஇ16 என்றும் சிஆர்சியை எல்இ16 என்றும் ஸ்ட்ரக்டிலேயே அறிவியுங்கள். மெம்காப்பி_ஃப்ரம்ஐஓ வைத்து ஃப்ரேமை உள்ளூர் நகலுக்கு எடுங்கள், அப்புறம் பிஇ16_டு_சிபியு, எல்இ16_டு_சிபியு. சிஆர்சிக்குத் தவறான ஃபங்ஷனைக் கொடுத்தால் ஸ்பார்ஸ் உடனே சொல்லிவிடும்.

ஃப்ளோ மீட்டரின் மொத்த லிட்டர் கணக்கு 32 பிட், அது இரண்டு மாட்பஸ் ரெஜிஸ்டரில் பிரிந்து வரும். மேல் பாதி முதலில் வருமா கீழ் பாதி முதலில் வருமா என்பது மீட்டருக்கு மீட்டர் மாறும், மாட்பஸ் விதியில் அதற்குத் தீர்மானம் இல்லை. அதனால் கண்ணை மூடிக்கொண்டு பிஇ32 என்று போட்டுவிடாதீர்கள், ஸ்பார்ஸ் திருப்தியாகிவிடும், கணக்கு தப்பாக இருக்கும். மீட்டரின் மேனுவலைப் பார்த்து இரண்டு பிஇ16 ஆக எடுத்துச் சேர்ப்பதுதான் பத்திரம். டைப் சரியா என்று கருவி சொல்லும், அந்த டைப்பைத் தேர்ந்தெடுத்தது சரியா என்பதை நாம்தான் பார்க்க வேண்டும்.

பூஜ்ஜியத்தை நல் ஆக்குவது, ஃபங்ஷனுக்கு ஸ்டாட்டிக் சேர்ப்பது இதெல்லாம் ஒரு மதியத்தில் முடித்துவிடலாம், கடைசியில் செய்யுங்கள்.

நித்யா_ஓசூர்

அண்ணா, அக்கா, இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. பேஸ் உறுப்பை மாற்றி, லூப்பை எடுத்துவிட்டு மெம்செட்_ஐஓ வைத்தேன், போர்டு ஊப்ஸ் இல்லாமல் எழுந்துவிட்டது. லீட் பக்கத்தில் வந்து நின்று டிரேஸையும் டிஃப்பையும் பார்த்தார், மீதியையும் முறையாகவே செய் என்று சொல்லிவிட்டார்.

மாட்டிக்கொண்டு நிற்பது இரண்டு இடம். ஒன்று, ஐஓசிடிஎல் (அப்ளிகேஷன் டிரைவரிடம் பேசும் சிஸ்டம் கால்) வழியாகக் கேலிப்ரேஷன் டேபிளை அனுப்புகிறோம். உள்ளே ஒரே ஃபங்ஷன், 'யூசரிடமிருந்து வந்ததா' என்று ஒரு கொடி ஆர்கியுமெண்ட். ஆம் என்றால் காப்பி_ஃப்ரம்_யூசர், இல்லை என்றால் ஃபர்ம்வேர் ஃபைலில் இருந்து வந்த பஃபர், மெம்காப்பி. பாயிண்டர் இரண்டுக்கும் ஒரே வாய்ட் ஸ்டார். இதற்கு எந்த முத்திரை போடுவது? யூசர் போட்டால் ஒரு பக்கம் வார்னிங், போடாவிட்டால் மறுபக்கம்.

இரண்டாவது எனக்குப் புரியவே இல்லை. டேபிளை ஆர்சியு (படிப்பவர் லாக் பிடிக்காமலே படிக்க விடும் கெர்னல் ஏற்பாடு) மூலம் மாற்றுகிறார்கள். ஆர்சியு_டிரெஃபரன்ஸ் இருக்கும் வரியில் 'இன்கம்பாட்டிபிள் டைப்ஸ் இன் கம்பேரிசன் எக்ஸ்ப்ரெஷன்' என்று வருகிறது. அந்த வரியில் எந்த ஒப்பீடும் இல்லை!

செல்வி_பாலக்கோடு

இரண்டாவதை முதலில் சொல்கிறேன், அது சுலபம். ஒப்பீடு உங்கள் கோடில் இல்லை, மேக்ரோவுக்குள் இருக்கிறது. ஆர்சியு_டிரெஃபரன்ஸ் உள்ளே உங்கள் பாயிண்டரை 'ஆர்சியு' முத்திரை போட்ட அதே பாயிண்டரோடு ஒப்பிட்டுப் பார்க்கும், பலனைத் தூக்கிப் போட்டுவிடும். ஸ்பார்ஸைப் பேசவைக்க மட்டுமே அந்த ஒப்பீடு. உங்கள் ஸ்ட்ரக்டில் டேபிள் பாயிண்டருக்கு ஆர்சியு முத்திரை இல்லை, அவ்வளவுதான். உறுப்பின் அறிவிப்பில் சேர்த்தால் அந்த வார்னிங் போய்விடும்.

அப்புறம் வேறு இடங்களில் புதிதாக வரும், அவைதான் முக்கியம். டேபிளை எழுதும் பக்கத்தில் நேராக '=' போட்டிருந்தால் ஆர்சியு_அசைன்_பாயிண்டர் ஆக வேண்டும், இல்லாவிட்டால் டேபிளின் உள்ளடக்கம் மெமரிக்குப் போய்ச் சேரும் முன்பே இன்னொரு கோர் புதுப் பாயிண்டரைப் பார்த்துவிட்டு அரைகுறை டேபிளைப் படிக்கும். மியூடெக்ஸைப் பிடித்துக்கொண்டு பழைய டேபிளை எடுக்கிற இடத்தில் ஆர்சியு_டிரெஃபரன்ஸ்_ப்ரொடெக்டட், இரண்டாவது ஆர்கியுமெண்டாக லாக்டெப்_இஸ்_ஹெல்டு என்று அந்த மியூடெக்ஸைக் கொடுங்கள். அங்கே வெறும் 1 என்று எழுதிவிட்டுப் போகிறவர்கள் உண்டு, செய்யாதீர்கள். லாக்டெப் (லாக் தவறுகளைப் பிடிக்கும் கெர்னல் சோதனை) இயக்கிய கெர்னலில் லாக் இல்லாமல் யாராவது அந்த வழியே வந்தால் ஓடும்போதே காட்டிக்கொடுக்கும், ஸ்பார்ஸால் அது முடியாது. டேபிள் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் பார்க்கும் இடத்தில் ஆர்சியு_ஆக்சஸ்_பாயிண்டர் போதும்.

ரகு_காவேரிப்பட்டினம்

கொடி ஆர்கியுமெண்ட் விஷயத்துக்கு நான் வருகிறேன், ஏனென்றால் இதில்தான் வார்னிங்கைத் தாண்டி ஆபத்து இருக்கிறது.

ஒரே பாயிண்டர் சில நேரம் யூசர், சில நேரம் கெர்னல் என்றால் அதற்கு எந்த முத்திரையும் உண்மையாக இருக்காது. ஃபோர்ஸ் போட்டு வாயை மூடினால், நாளைக்கு யாரோ கொடியை மாற்றிக் கூப்பிடுவார்கள், யூசர் கொடுத்த எண்ணை கெர்னல் நேரடியாகப் படிக்கும். அந்த எண் கெர்னலின் சொந்த மெமரியைக் காட்டினால்? சாதாரண புரோகிராம் ஒன்று கெர்னல் ரகசியத்தைக் கேலிப்ரேஷன் டேபிள் என்ற பெயரில் உள்ளே அனுப்பி வெளியே வாங்கிக்கொள்ளும். எக்ஸ்86-இல் ஸ்மாப், ஆர்மில் பான் என்று சிப்பிலேயே பாதுகாப்பு இருக்கிறது, கெர்னல் யூசர் பக்கத்தை நேரடியாகத் தொட்டால் ஃபால்ட் வரும். ஆனால் அது தடுப்பது யூசர் பக்கத்தைத் தொடுவதை மட்டும். யூசர் கெர்னல் முகவரியையே எழுதிக் கொடுத்தால் அந்தத் தடுப்பு உதவாது.

கெர்னலிலேயே இந்தக் குழப்பம் வெகுகாலம் இருந்தது. செட்_எஃப்எஸ் என்று ஒரு ஏற்பாடு, அதை மாற்றிவிட்டால் காப்பி_ஃப்ரம்_யூசர் கெர்னல் பாயிண்டரையும் ஏற்றுக்கொள்ளும். திருப்பி மாற்ற மறந்தால் பெரிய ஓட்டை. பல வருட முயற்சிக்குப் பிறகு 2020 கடைசியில் வந்த 5.10-இல் எக்ஸ்86 அதைக் கைவிட்டது. சாக்கெட் பக்கத்தில் இதே தேவைக்கு சாக்பிடிஆர்_டி என்று தனி டைப் செய்தார்கள், பாயிண்டரும் அது எந்த உலகம் என்பதும் ஒரே பொதியில் போகும்.

உங்கள் டிரைவருக்கு அவ்வளவு தேவையில்லை. ஃபங்ஷனை இரண்டாக உடையுங்கள். உள் ஃபங்ஷன் எப்போதும் கெர்னல் பஃபரை மட்டும் வாங்கட்டும், சரிபார்த்து டேபிளை அமைக்கட்டும். ஐஓசிடிஎல் பக்கம் வெளியிலேயே மெம்டப்_யூசர் வைத்து நகல் எடுத்து, உள்ளே கொடுத்து, முடிந்ததும் விடுவிக்கட்டும். ஃபர்ம்வேர் பக்கம் நேராக உள்ளே போகும். கொடி ஒழிந்தது. நகல் எடுக்கும் முன் அளவுக்கு ஒரு உச்சவரம்பு வைக்க மறக்காதீர்கள், அளவையும் யூசர்தான் சொல்கிறார்.

ஐஓசிடிஎல் ஸ்ட்ரக்டுக்குள் பாயிண்டர் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அந்த உறுப்பை யு64 ஆக்கிவிட்டு உள்ளே யு64_டு_யூசர்_பிடிஆர் பயன்படுத்துங்கள். 32 பிட் அப்ளிகேஷன் 64 பிட் கெர்னலில் ஓடினாலும் ஸ்ட்ரக்டின் அளவு மாறாது, முத்திரையும் ஒழுங்காக வரும். ஏற்கெனவே போர்டுகள் வெளியே போயிருந்தால் பழைய ஐஓசிடிஎல் எண்ணை அப்படியே விட்டுவிட்டு புது எண் கொடுங்கள்.

அதே சமயம் ஸ்பார்ஸ் சுத்தம் என்றால் பாதுகாப்பு முடிந்தது என்று ஆடிட்டில் எழுதிக் கொடுக்க விடாதீர்கள். 2017-இல் 4.13 கெர்னலில் வெயிட்ஐடி சிஸ்டம் காலில் ஒரு ஓட்டை வந்தது, சிவிஇ-2017-5123. பாயிண்டருக்கு யூசர் முத்திரை சரியாகவே இருந்தது, முகவரி உண்மையில் யூசர் பக்கம்தானா என்று பார்க்கும் ஆக்சஸ்_ஓகே சோதனை மட்டும் விட்டுப்போயிருந்தது, அதை வைத்து கெர்னல் மெமரியில் எழுத முடிந்தது. டைப் சரியாக இருந்ததால் ஸ்பார்ஸுக்கு அங்கே சொல்ல ஒன்றுமில்லை. ஸ்பார்ஸின் மேல் கட்டிய ஸ்மாட்ச் என்ற கருவி மதிப்புகள் எங்கிருந்து எங்கே போகின்றன என்றும் பார்க்கும், அதையும் ஒரு முறை ஓட்டுங்கள்.

கார்த்தி_அரூர்

அண்ணா, நான் தர்மபுரியில் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு. என்னிடம் ஆர்ம் போர்டு எதுவும் இல்லை, பழைய லேப்டாப் மட்டும்தான். இந்த மாதிரி வார்னிங் சரிசெய்து கெர்னலுக்குப் பேட்ச் அனுப்ப முடியுமா? ஸ்டேஜிங் (இன்னும் சீர்செய்ய வேண்டியவை வைக்கும் ஃபோல்டர்) டிரைவர்களில் நிறைய இருக்கும் என்று படித்தேன்.

ரகு_காவேரிப்பட்டினம்

முடியும் தம்பி, ஸ்பார்ஸுக்கு ஹார்டுவேரே வேண்டாம், அது சோர்ஸை மட்டும்தான் படிக்கிறது. உபுண்டுவில் ஆர்ம்64-க்கான கிராஸ் கம்பைலர் பேக்கேஜாகவே கிடைக்கும், ஏஆர்சிஎச், கிராஸ்_கம்பைல் இரண்டையும் கொடுத்து உங்கள் லேப்டாப்பிலேயே கட்டலாம். முழு கெர்னலையும் கட்ட வேண்டாம். டிஃப்கான்ஃபிக் போட்டு, மாட்யூல்ஸ்_ப்ரிப்பேர் முடித்துவிட்டு, ஒரே ஒரு டிரைவர் ஃபோல்டரின் பெயரைக் கொடுத்து சி=2 ஓட்டுங்கள். சி=1 என்றால் புதிதாகக் கம்பைல் ஆகிற ஃபைலை மட்டும் பார்க்கும், சி=2 எல்லா ஃபைலையும் பார்க்கும். கிட் குளோன் செய்யும்போது டெப்த் 1 கொடுத்தால் டவுன்லோடு வெகுவாகக் குறையும், மொபைல் டேட்டாவில் இருப்பவர்களுக்கு அது முக்கியம். டிஸ்ட்ரோவில் வரும் ஸ்பார்ஸ் பழசாக இருந்தால் புதுக் கெர்னலில் பொய்யான பிழைகள் காட்டும், அதையும் கிட்டில் இருந்து எடுத்து நீங்களே கட்டிக்கொள்ளுங்கள், சின்ன புராஜெக்ட், சீக்கிரம் முடிந்துவிடும்.

ஹார்டுவேர் இல்லாதபோது எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்பதில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். முத்திரை விட்டுப்போன அறிவிப்பைச் சரிசெய்வது, யு16 என்று இருப்பதை பிஇ16 ஆக்குவது, இவற்றால் உருவாகும் மெஷின் கோடு மாறாது. மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ஆப்ஜெக்ட் ஃபைலை ஆப்ஜ்டம்ப் போட்டு ஒப்பிட்டு அதையே பேட்சில் எழுதலாம். நேரடி டிரெஃபரன்ஸை ரீட்எல் ஆக்கினால் கோடு மாறுகிறது. ரீட்எல் லிட்டில் எண்டியன் என்று எடுத்துக்கொள்ளும், டிவைஸ் பிக் எண்டியன் என்றால் ஐஓரீட்32பிஇ வேண்டியிருக்கும், டேட்டாஷீட் இல்லாமல் அதைத் தீர்மானிக்க முடியாது. அப்படிப்பட்டதைப் போர்டு வைத்திருப்பவருக்கு விட்டுவிடுங்கள், அல்லது மெயிலில் கேளுங்கள்.

செல்வி_பாலக்கோடு

கார்த்தி, பேட்சின் தலைப்பில் 'ஸ்பார்ஸ் வார்னிங் ஃபிக்ஸ்' என்று மட்டும் எழுதி அனுப்பாதே. என்ன தவறாக இருந்தது, ஏன் இந்த மாற்றம் என்று எழுது, வார்னிங்கின் வாசகத்தை அதற்குக் கீழே ஒட்டு. உண்மையான பக் இருந்தால் மட்டும் 'ஃபிக்சஸ்' வரி சேர். ஒரு பேட்சில் ஒரு விஷயம், ஐஓமெம் மாற்றமும் நல் மாற்றமும் தனித்தனி. கெர்னலின் ஸ்கிரிப்ட்ஸ் ஃபோல்டரில் கெட்_மெயின்டெய்னர் இருக்கிறது, அது காட்டும் எல்லோருக்கும் ஹெச்டிஎம்எல் இல்லாத வெறும் டெக்ஸ்டாகப் போக வேண்டும், கிட் சென்ட்-ஈமெயில் அமைத்துக்கொள். ஹார்டுவேரில் ஓட்டிப் பார்க்கவில்லை என்றால் 'கம்பைல் டெஸ்டட் ஒன்லி' என்று மூன்று கோடுகளுக்குக் கீழே குறிப்பிடு. பொது லிஸ்டுக்குப் போன பேட்சை இன்டெலின் கெர்னல் டெஸ்ட் ரோபோவும் எடுத்துப் பல ஆர்கிடெக்சரில் கட்டிப் பார்க்கும், ஸ்பார்ஸும் ஓட்டும், புதிதாக ஏதாவது வார்னிங் வந்திருந்தால் உனக்கே மெயில் வரும்.

ஒரு வார்னிங்கைக் கையில் எடுக்கும் முன் அதே வரியை லோர் என்ற கெர்னல் மெயில் ஆர்க்கைவில் தேடிப் பார். வெகுநாளாக அப்படியே கிடக்கும் வார்னிங் என்றால் முன்பே யாராவது பேட்ச் அனுப்பியிருப்பார்கள், மெயின்டெய்னர் ஏன் மறுத்தார் என்பதும் அங்கேயே இருக்கும்.

நித்யா_ஓசூர்

ஃபங்ஷனை உடைத்துவிட்டேன், கொடி போய்விட்டது. மெம்டப்_யூசருக்கு முன்னால் அளவு வரம்பு சேர்த்தபோதுதான் பார்த்தேன், பழைய கோடில் அந்தச் சோதனையே இல்லை. ஐஓசிடிஎல் ஸ்ட்ரக்டில் பாயிண்டர் இருக்கிறது, வெளியே போர்டுகள் ஓடுவதால் ரகு அண்ணா சொன்னபடி புது எண் கொடுக்கிறேன். ஃப்ளோ மீட்டர் மேனுவலில் 32 பிட் கணக்குக்குக் கீழ் பாதிதான் முதலில் என்று போட்டிருக்கிறது, அதனால் இரண்டு பிஇ16 ஆகவே வைத்துவிட்டேன். எஃப்பிஜிஏ டீமிடம் ரேம் பற்றிக் கேட்டேன், ஃப்ரேமின் கடைசி வார்த்தையைப் படித்ததும் அந்த இடம் காலி என்று குறித்துக்கொள்ளும் டிசைன் என்றார்கள். மெம்ரீமேப் பக்கம் போகப்போவதில்லை, ஐஓரீமேப்பே இருக்கட்டும். மெம்காப்பி_ஃப்ரம்ஐஓ எந்த அகலத்தில் படிக்கிறது என்பதும் இதில் முக்கியமாகிவிடுகிறது இல்லையா?

ரகு_காவேரிப்பட்டினம்

ஆமாம்மா, நல்ல இடத்தைப் பிடித்தீர்கள். ஆர்ம்64-இல் அது முடிந்தவரை 8 பைட்டாகப் படிக்கும், ஓரங்களை ஒரு பைட்டாகவோ சின்னத் துண்டாகவோ படிக்கும், அந்தப் பிரிப்பு கெர்னல் பதிப்புக்குப் பதிப்பு மாறலாம். படிப்பதற்கே விளைவு இருக்கிற இடத்தில் அதை நம்பக்கூடாது. ஃப்ரேமின் உடல் முழுவதையும் மெம்காப்பி_ஃப்ரம்ஐஓ எடுக்கட்டும், கடைசி வார்த்தையை மட்டும் விட்டுவிட்டு அதைத் தனியாக ஒரே ஒரு ரீட்எல்லில் படியுங்கள். சிஆர்சி அந்த வார்த்தையில்தான் இருக்கும் என்பதால், ரீட்எல் கொடுத்ததைப் பைட் வரிசை மாறாமல் நகலில் வைக்க சிபியு_டு_எல்இ32 போட்டு எல்இ32 உறுப்பில் சேமியுங்கள். எதற்கு அது தனியாகப் படிக்கப்படுகிறது என்று மேலே ஒரு கமெண்ட் எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்து வருகிறவர் அதையும் மெம்காப்பியில் சேர்த்துவிடுவார்.